ஏகமனதாக என்று எழுதாதே

மகளே, ஞாயிற்றுக்கிழமை நீ விமானம் ஏறுவதற்கு முன்னர் ஒரு திருத்தம் செய்யவேண்டியிருக்கிறது. நேற்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நீ கையைக் கழுவிவிட்டு வந்து, மேசையில் இருந்த எல்லாரையும் ஒருதரம் பார்த்தாய். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் சட்டத்தரணியாகப் பதிந்தாகிவிட்டது, இனி அங்கேயேதான் இருக்கப்போகிறேன், ஒரு வருடம் இரண்டு வருடம் என்ற கதை முடிந்துவிட்டது என்று சொன்னாய். பிறகு, "எல்லாருக்கும் ஓம்தானே?" என்று கேட்டாய். உன் தம்பி போனிலிருந்து தலையை எடுக்காமல், "ஓம் ஓம், நீ போ அக்கா" என்றான். உன் அம்மா மிஞ்சிய கறியை மூடிக்கொண்டே, "எல்லாருக்கும் ஓம்தான் பிள்ளை, நீ சந்தோசமாப் போ" என்றாள். நீ சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போய்விட்டாய். என் கையில் மாங்கொட்டை இருந்தது. அதை வைத்துவிட்டு நான் கை தூக்குவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. ஆகவே எழுத்தில் சொல்கிறேன்: எல்லாருக்கும் ஓம் இல்லை. எனக்கு இல்லை.

இதைப் படித்தவுடன் நீ மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து என்னோடு வாதாடத் தேவையில்லை. முழுவதையும் வாசி. நீ நினைப்பதைவிட இதில் நன்றிதான் கூட இருக்கும். இன்னொன்று, இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. ஹரோவில் நீ படித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இந்த வருட ஆண்டுமலருக்குப் பெற்றோரிடமிருந்து கட்டுரை கேட்டிருக்கிறது. ஒரு பிரதி அங்கேயும் போகிறது. போடமாட்டார்கள். போடாவிட்டால் போட்டோகொப்பி எடுத்து மண்டப வாசலில் நின்று கையில் கொடுப்பேன். நான் அப்படிச் செய்யக்கூடியவன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

உனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன், மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் பொறுத்துக்கொள். நான் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்போடு நாடு என்னைத் துரத்திவிட்டது. ஜேர்மனியில் கோப்பை கழுவி, பிறகு இங்கே லண்டனுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினேன். ஆங்கிலம் படித்தது பஸ் தரிப்பிடத்தில்தான். ஒரு ஓட்டம் முடிந்து அடுத்த ஓட்டம் தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளியில், கிங்ஸ்பரி நூலகத்தில் எடுத்த புத்தகங்களை ஸ்ரியரிங்கில் சாய்த்து வைத்து வாசிப்பேன். அதில் ஒன்று கூட்டம் நடத்துவது எப்படி என்ற புத்தகம். தலைவர் எப்படிப் பேசவேண்டும், ஒரு தீர்மானத்தை எப்படி முன்மொழியவேண்டும், எதிர்ப்பவரை எப்படிப் பதிவு செய்யவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. மற்றவர்கள் நாவல் வாசிப்பதுபோல நான் அதை வாசித்தேன். எங்கள் ஆட்களோடு நான் பட்ட பாடு முழுவதும் அந்தப் புத்தகத்தால் வந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

பள்ளிக்கூடக் கொமிற்றியில் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். ஆண்டுவிழாவுக்கு விளக்கேற்ற யாரை அழைப்பது என்று கேள்வி வந்தது. ஆரம்பத்திலிருந்து சனிக்கிழமைகளில் ஓய்வில்லாமல் படிப்பித்த ரீச்சர் ஒருவர் அந்த வருடம் விலகுகிறார். அவரைத்தான் அழைக்கவேண்டும் என்று நான் சொன்னேன். மற்ற எல்லாரும் ஒரு கடை முதலாளியை அழைக்கலாம் என்றார்கள். வாக்கு எடுத்தார்கள். நான் மட்டும் எதிர்த்துக் கை தூக்கினேன். தோற்றேன். தோற்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த மாதம் செயலாளர் கூட்டக் குறிப்பை வாசித்தார்: "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." நான் எழுந்தேன்.

"தம்பி, அது பிழை. நான் எதிர்த்துக் கை தூக்கினனான்."

"அண்ணை, ஒரு கைதானே."

"ஒரு கை எண்டா அது கை இல்லையோ?"

தலைவர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "அண்ணை, கோவிக்காதேங்கோ. வெளியில ஆக்கள் வாசிச்சா என்ன நினைப்பினம்? எங்களுக்குள்ள பிரச்சினை எண்டல்லோ கதைப்பினம்."

"பிரச்சினை இருக்குத்தானே!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணைக்கு பஸ்ஸிலயும் றிவேர்ஸ் கியர் மட்டும்தான் வேலை செய்யுமாம்." மண்டபம் முழுக்கச் சிரிப்பு. குறிப்பு திருத்தப்படவில்லை. எங்கள் சங்கங்களில் இது ஒரு வழக்கம். கோயிலாக இருந்தாலும், பழைய மாணவர் சங்கமாக இருந்தாலும், எத்தனை பேர் சண்டைபிடித்தாலும், எழுதும்போது ஏகமனதாக என்று எழுதுவார்கள். அதுதான் மரியாதை என்று நினைக்கிறார்கள். கை தூக்கியும் எண்ணிக்கை போதாத இனத்தில் பிறந்து, அதற்காகவே ஊரை விட்டு ஓடிவந்தவர்கள், ஒரு சின்ன மண்டபத்தில் நாலு கதிரைகளைப் போட்டவுடன் அதே வேலையைத் தாங்களும் செய்தார்கள். இதை நான் அன்றும் சொன்னேன். இன்றும் சொல்கிறேன். மலரில் போடுங்கள்.

அன்று நாங்கள் காரில் வீடு திரும்பினோம். நீ பின் இருக்கையில் ரோல்ஸ் தின்றுகொண்டு வந்தாய். கூட்டம் முடியும்வரை மண்டபத்தின் பின்னால் இருந்து நீ எல்லாம் பார்த்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. சிவப்பு விளக்கில் கார் நின்றபோது, "அப்பா, போன மாசம் நான் எண்ணினனான். எல்லாரும் ஓம், நீங்கள் ஒராள் நோ. அப்ப அவை எழுதினது பொய்தானே?" என்றாய். உனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். விளக்கு பச்சையாகியும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். உலகத்தில் ஒருவர் எண்ணியிருக்கிறார் என்பது எனக்கு அன்று போதுமாக இருந்தது. அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நான் அந்த மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் உன்னை ஒரு சனிக்கிழமையும் மறிக்கவில்லை. நான் வெளியே காரில் இருப்பேன். இடைவேளையில் நீ பேப்பர் கப்பில் தேத்தண்ணி வாங்கி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கார்த் தரிப்பிடத்தைக் கடந்து வருவாய். உன் சிநேகிதிகள் சிரித்திருப்பார்கள். "ஏன் உன்ர அப்பா உள்ள வாறேல்லை?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "அவர் எதிர்ப்பில இருக்கிறார்" என்று நீ சொன்னதை நான் கண்ணாடி வழியாகக் கேட்டேன். உன் அம்மாகூட அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் எனக்குத் தலைச்சுற்று என்றுதான் எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

நீ சட்டம் படிக்கிறேன் என்றபோது நான் மனதுக்குள் ஒரு பலகையே எழுதி மாட்டிவிட்டேன். ஹரோவில் ஒரு தமிழ்க் கடைக்கு மேல்மாடி, யன்னலில் உன் பெயர், வீடு வாங்குபவர்களும் விற்பவர்களும் படியேறி வருவார்கள், ஒரு ரயில் மாறி மெட்ரோபொலிற்றன் லைனில் ஏறினால் நான் உனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து தரலாம். நீயோ குற்றவியல் வழக்குகளுக்குப் போனாய். அதையும் விட்டுவிட்டு, அமெரிக்காவின் தெற்கில் எங்கோ ஒரு மாநிலத்துக்குப் போகிறேன் என்று ஒரு நாள் குசினியில் நின்று சொன்னாய். நான் கத்தினேன். "அங்க ஆர் இருக்கினம் உனக்கு?" என்று கேட்டேன். நீ கத்தவில்லை.

"அப்பா, அங்க கனகாலமா ஜூரியில பன்னிரண்டு பேரில பத்துப்பேர் குற்றவாளி எண்டு சொன்னாக் காணும். ஆயுள் தண்டனை குடுக்கலாம்."

"மற்ற ரெண்டு பேர்?"

"அவை இல்லை எண்டு சொன்னதையும் எண்ணுவினம். எண்ணிப்போட்டு விட்டிடுவினம்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். நீ அதன் சரித்திரத்தைச் சொன்னாய். அடிமைமுறை ஒழிந்த பிறகு, கறுப்பின மக்களும் ஜூரியில் உட்காரலாம் என்று நிலைமை வந்தபோது, அவர்களில் ஒருவர் இருவர் உள்ளே வந்தாலும் அவர்கள் சொல்வது தீர்ப்பை மாற்றக்கூடாது என்பதற்காக வெள்ளைக்காரர் கூடிச் செய்த விதி அது. அண்மையில்தான் அந்த மாநிலத்து மக்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். பிறகு நாட்டின் உச்ச நீதிமன்றமும் ஜூரியில் எல்லாரும் ஒத்துப்போகவேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனால் பழைய விதியின்படி சிறைக்குள் போய் மேன்முறையீடெல்லாம் முடிந்தவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. விதி பிழை என்று ஒத்துக்கொண்டு, அந்தப் பிழையால் உள்ளே போனவனை உள்ளேயே வைத்திருப்பது எந்த ஊர் நியாயம் என்று நான் கேட்டேன். "அதுதான் நான் போறன்" என்றாய். உன்னை ஆர் இப்படி வளர்த்தது என்ற கேள்வி வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

போன வருடம் நீ என்னை அங்கே அழைத்துப் போனாய். உன் அம்மாவுக்கு முழங்கால் விடவில்லை. நான் மட்டும் வந்தேன், முகத்தை நீட்டிக்கொண்டுதான் வந்தேன். விமான நிலையத்திலிருந்து போகும் வழியில் தெருவோரப் புல்லில் வரிசையாகப் பலகைகள் குத்தியிருந்தன. ஒரு ஆளின் பெயர், கீழே நீதிபதி என்ற சொல். நீதிபதி ஒருவர் வீடு விற்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

"இல்லை அப்பா, எலெக்சன். நீதிபதிக்கு நிக்கினம்."

"என்ன, நீதவான் வந்து வோட்டுக் கேக்கிறானோ?"

"ஓம். வழக்குப் போடுற அரசாங்க வக்கீலும் வோட்டில வாறவர்தான்."

"அப்ப தனக்கு வோட்டுப் போடாதவனுக்கு என்ன தீர்ப்புக் குடுப்பான்?"

நீ சிரித்த சிரிப்பில் காரையே ஓரம் கட்டிவிட்டாய். பிறகு அங்கேயும் சில நல்ல நீதிபதிகள் இருக்கிறார்கள், தேர்தலில் தோற்றாலும் பரவாயில்லை என்று எழுதுகிறவர்களைக் கண்டிருக்கிறேன் என்று சொன்னாய். நீ ஆட்களுக்கு நியாயமாக இருக்கிறாய். எனக்கு அது வராது. மற்ற மாநிலங்களின் சட்டம் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது, இங்கே சொத்துக்கும் குடும்பத்துக்கும் உள்ள சட்டம் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது என்றும் சொன்னாய். நான் விடவில்லை. எங்களுக்குத் தேசவழமை இருக்கிறது, ஒல்லாந்தன் வந்து யாழ்ப்பாணத்து வழக்கங்களை எழுதிவைத்த சட்டம், இன்றைக்கும் காணி வழக்கில் அதைத்தான் தூக்குகிறார்கள் என்று அரைமணித்தியாலம் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ ஒருமுறைகூடத் "தெரியும் அப்பா" என்று சொல்லவில்லை. உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதற்கும் நன்றி.

மற்ற நாள் சட்டசபைக் கட்டடத்துக்குப் போனோம். நீ வேலைசெய்யும் கந்தோர் ஆட்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டமூலம் கொமிற்றிக்கு வந்திருந்தது. பழைய விதியின்படி உள்ளே இருப்பவர்களின் வழக்கை மறுபடி பார்க்க ஒரு வழி திறக்கவேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. வாசலில் ஒரு மேசையில் மூன்று நிறத்தில் அட்டைகள் வைத்திருந்தார்கள். நான் ஒன்றை எடுத்து என் பெயரை எழுதத் தொடங்கினேன். நீ பாய்ந்து வந்து கையைப் பிடித்தாய்.

"அப்பா! அது சிவப்பு! சிவப்பு எதிர்க்கிற ஆக்களுக்கு!"

"அதுதான் எடுத்தனான்."

"அப்பா, இது எங்கட சட்டமூலம். நாங்கள் ஆதரவு. பச்சையை எடுங்கோ."

வாழ்நாளில் பச்சை எடுத்துப் பழக்கமில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பச்சை அட்டையை எடுத்து, முழுப் பெயரையும் என் அப்பாவின் பெயரோடு சேர்த்து எழுதினேன். பேச விரும்புகிறீர்களா என்று ஒரு கட்டம் இருந்தது. என் ஆங்கிலம் பஸ் தரிப்பிடத்து ஆங்கிலம். விரும்பவில்லை என்று கோடு போட்டேன்.

உள்ளே நடந்ததை நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சின்ன விசயத்துக்கும் தலைவர், "எதிர்ப்பு ஏதும் உண்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனார். நான் நூலகத்துப் புத்தகத்தில் வாசித்ததை உயிரோடு பார்த்தது அன்றைக்குத்தான். அந்த மனிதர் கடைசியில் எங்களுக்கு எதிராகத்தான் வாக்களித்தார் என்பது வேறு கதை. ஆனால் கேட்டார்.

நீ பேசினாய். நான் அதைப் பற்றி எழுதமாட்டேன், எழுதினால் பெருமை அடிக்கிறேன் என்று உன் அம்மா சொல்லுவாள். உனக்குப் பிறகு மிஸ் ஓபல் பேசினா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெண்மணி, என் வயது இருக்கும், ஏசிக் குளிருக்கு ஊதா நிறச் சுவெற்றர் போட்டிருந்தா. நீ பார்க்கும் கேர்ற்றிஸ் என்பவருடைய வழக்கில் அவ ஜூரியாக இருந்தவ. இல்லை என்று சொன்ன இரண்டு பேரில் ஒருவர். மற்றவர் லொறி ஓட்டிய ஒரு இளைஞர், இப்போது உயிரோடு இல்லை. மிஸ் ஓபல் கையில் ஒரு தாளும் வைத்திருக்கவில்லை. "நான் அன்றைக்கும் இல்லை என்றேன். இன்றைக்கும் இல்லை என்கிறேன். அன்றைக்கு நன்றி சொல்லி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் வீட்டுக்குப் போனேன். அந்தப் பையன் போகவில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டா. அவ பையன் என்று சொன்ன ஆளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது என்று நீ பிறகு சொன்னாய்.

அதன்பிறகு தலைவர், பேச விரும்பாதவர்களின் அட்டைகளைக் கையில் எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். எல்லாம் பதிவுக்குப் போகிறது என்று நீ என் காதில் சொன்னாய். திடீரென்று அவர் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். ஒரு எழுத்தைச் சொன்னார், விட்டார், மறுபடி தொடங்கினார், என் அப்பாவின் பெயரில் சறுக்கி, என் பெயரில் விழுந்து, எப்படியோ எழும்பினார். ஆனால் ஒரு எழுத்தையும் விடவில்லை. "லண்டன், இங்கிலாந்து. ஆதரவு. பேச விரும்பவில்லை." நீ முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாய். வெளியே வந்த பிறகுதான் ஏன் என்று சொன்னாய்: "அப்பா, பேச விரும்பேல்லை எண்டு உங்கட சீவியத்தில இண்டைக்குத்தான் எழுதியிருக்கிறியள்." நானும் சிரித்தேன். ஆனால் மகளே, என் பெயர் ஒரு கூட்டத்தின் பதிவில், நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதோடு ஏறியது அதுதான் முதல் தடவை. ஹரோவில் கிடைக்காதது அங்கே கிடைத்தது. நீ கூட்டிக்கொண்டு போயிராவிட்டால் கிடைத்திருக்காது.

வாக்கு நடந்தது. சட்டமூலம் தோற்றது. வராந்தாவில் நீ ஆட்களோடு பேசிக்கொண்டு நின்றபோது, மிஸ் ஓபலும் நானும் ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். உன்னைக் காட்டி, என்னுடைய மகளா என்று கேட்டா. ஓம் என்றேன். "சாப்பிட்டாயா?" என்று அடுத்ததாகக் கேட்டா. உன் அம்மா கட்டித்தந்த, தட்டை மாதிரி முறுகின பருத்தித்துறை வடை என் பையில் இருந்தது. ஒன்றைக் கொடுத்தேன். கடித்துப் பார்த்து, "இதைத் தின்ன எனக்கு வேறு பல் வேண்டும்" என்று சொல்லி, கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தா. ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "அன்றைக்கு ஒருவரும் அதைக் கேட்கவில்லை" என்றா. பத்துப்பேர் சேரும்வரை எல்லாரோடும் வாதாடினார்களாம். பத்தாவது ஆள் சேர்ந்தவுடன் பேச்சு நின்றதாம். ஒருவர் எழுந்து போய்க் கதவைத் தட்டினாராம். மற்ற ஆட்கள் தங்கள் கோட்டுகளை எடுக்கத் தொடங்கினார்களாம். இவவும் அந்த லொறிக்காரப் பையனும் மேசையில் இருந்தபடியே இருந்தார்களாம். நான் என் ஆங்கிலத்தில், எங்கள் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னேன். ஒரு மனிதனின் சீவியத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கேற்றும் கதையைச் சொல்கிறேனே என்று பாதியில் வெட்கமாக இருந்தது. அவ முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த ரீச்சர் பிறகு என்ன செய்தா?" என்று கேட்டா. இத்தனை வருடத்தில் அதை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவதான்.

திரும்பி வரும்போது காரில் நான் உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? "கேர்ற்றிசுக்கு அந்த ரெண்டு பேரால என்ன பிரயோசனம் பிள்ளை? உள்ளதானே இருக்கிறார்." நீ முன்னால் போன லொறியைக் கடந்தாய். பிறகு சொன்னாய், "அப்பா, அவருக்கு ஆர் எண்டு தெரியாது. பத்துக்கு ரெண்டு எண்டு மட்டும்தான் தெரியும். நீ வீட்ட போகவேணும் எண்டு உலகத்தில ரெண்டு பேர் சொன்னவை, அதைப் பிடிச்சுக்கொண்டுதான் இவ்வளவு காலமும் நிண்டனான் எண்டு சொன்னவர்." இரண்டு பக்கமும் சதுப்பு நிலம், தண்ணீருக்குள் மரங்கள் நின்றன. நான் வாழ்நாள் முழுக்க எதிர்ப்பதை ஒரு சண்டை என்றுதான் நினைத்திருந்தேன். தோற்றுப்போன கை இன்னொருவருக்கு ஊன்றிக்கொள்ளத் தடியாகும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் வாசிக்கவில்லை. அதை எனக்குச் சொல்லித்தந்தது நீ.

வருகிற மாதம் கேர்ற்றிஸின் மனு ஒரு நீதிபதி முன் வருகிறது என்று சொன்னாய். அந்த நீதிபதியும் அடுத்த தேர்தலில் நிற்கிறார் என்றும், தெருவில் பலகை குத்தத் தொடங்கிவிட்டார்கள் என்றும் சொன்னாய். வென்றால் அந்த மனிதர் வீட்டுக்குப் போவார். தோற்றால் நீ அடுத்த வழி தேடுவாய், அடுத்த சட்டசபைக்குப் போவாய், இதற்கு முடிவில்லை, அதனால்தான் நீ அங்கேயே இருக்கப் போகிறாய். எனக்கு எல்லாம் விளங்குகிறது. விளங்காமல் எதிர்க்கிறேன் என்று நினைக்காதே.

எதிர்ப்பவன் காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு வயதாகிவிட்டது. பஸ் ஓட்டிய முதுகு இப்போது படியேற மறுக்கிறது. மருந்துப் பெட்டியில் என்னுடையதை உன் அம்மாவும் அவளுடையதை நானும் மாறி விழுங்கிக்கொண்டிருக்கிறோம். நீ ஹரோவில் இருந்தால் நான் உனக்குச் சாப்பாடு கொண்டுவரலாம். அவ்வளவுதான் என் வாதம். இதில் நீதியும் இல்லை, சட்டமும் இல்லை. அந்த மேசையில் வாக்கெடுத்தால் நான் தோற்பேன், தோற்கவும்வேண்டும். நான் எதிர்க்கிறேன் என்பதற்காக நீ நின்றுவிட்டால் உன்னை நான் மதிக்கமாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான்: என் கையை எண்ணு.

சில புத்திமதியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது அப்பா எழுதிய கடிதம் மாதிரி இருக்காது. அந்த நீண்ட தெருக்களில் களைத்த கண்ணோடு கார் ஓட்டாதே. ஓட்டுபவனுக்குத் தான் களைத்தது தெரியாது, நான் ஓட்டியவன் சொல்கிறேன். உன் கந்தோரில் இளையவர் ஒருவர் உன்னோடு ஒத்துப்போகாவிட்டால், பத்துப்பேர் சேர்ந்தவுடன் உன் கோட்டு எடுக்கப் போகாதே. அவரிடம் ஏன் என்று கேள். வழக்குத் தோற்கும் நாட்களில் எங்களுக்குப் போன் எடுக்காமல் ஒளித்துக்கொள்வாய், அது எனக்குத் தெரியும், உன் குரலே காட்டிக்கொடுக்கும். அந்த நாட்களில்தான் எடுக்கவேண்டும். நான் "அப்பவே சொன்னனான்" என்று சொல்லமாட்டேன். சொன்னால் போனை வை, பிறகு திரும்ப எடு. மிஸ் ஓபலுக்கு வடையைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடச் சொல்லு. உன் அம்மா ஒரு டப்பா நிறையச் சுட்டு வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் உன்னை ஹீத்றோவுக்கு ஏற்றிக்கொண்டு போவேன். தம்பி கொண்டுபோகிறேன் என்பான், விடமாட்டேன். பெட்டியையும் நான்தான் தூக்குவேன், உன் அம்மா கத்தட்டும். நீ சோதனைக்குள் போய் மறையும்வரை நிற்பேன், கை காட்டுவேன். அதைச் சம்மதம் என்று எடுக்காதே. வழியனுப்புவது வேறு, ஒத்துப்போவது வேறு. அங்கே ஒரு மோசமான நாளில், நீதிபதி உன் மனுவைத் தள்ளிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடும்போது, வெளியே வந்து படியில் இருக்கும்போது, கிங்ஸ்பரியில் ஒரு மேசையில் நீ வீட்டில்தான் இருக்கவேண்டும் என்று ஒரு கை உயர்ந்தது, அது இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துக்கொள். அதைப் பிடித்துக்கொண்டு எழும்பி, மறுபடி உள்ளே போ.

உன் அம்மாவிடம் சொல்லிக் குறிப்பைத் திருத்து. பெரும்பான்மையால் தீர்மானிக்கப்பட்டது என்று இருக்கட்டும். கீழே என் பெயரை முழுதாக, என் அப்பாவின் பெயரோடு, ஒரு எழுத்தும் விடாமல் எழுது. கிங்ஸ்பரி, லண்டன். எதிர்ப்பு.

மேலும் பேச விரும்பவில்லை.

அப்பா